வெள்ளை அறையில் ஒரு வாழ்வு

“இதுவும் ஒரு படமோ, சேர்? இதை எங்கட தம்பியும் கீறுவானே!”

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு மாணவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. மேனாட்டு ஓவியங்கள் பற்றிய நூலொன்று அவன் கையில் விரிந்திருந்தது. அவன் சுட்டிய பக்கத்தில் கறுப்புக் கோடுகள் சில, நெடுக்கும் குறுக்குமாக ஓடின. இடப்புறக் கீழ்மூலையில் நீலம், வலப்புறக் கீழ்மூலையில் சிறிது மஞ்சள், மேலே பெரியதொரு சிவப்புச் சதுரம், மற்றவையெல்லாம் வெள்ளை. மரமில்லை, மனிதரில்லை, மலையில்லை. கீழே ஓவியரின் பெயர் பீற் மொண்டிரியன் என்றும், தீட்டிய ஆண்டு 1930 என்றும் கண்டிருந்தது.

நான் தமிழ் கற்பிப்பவன். சித்திரம் கற்பிப்பவன் அல்லன். ஆயினும் ஆசிரியன் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டி, “இதற்கெல்லாம் ஆழ்ந்த பொருள் உண்டு, தம்பி. வளர்ந்தபின் விளங்கும்” என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். அவன் போன பின்னர் அப்படத்தை நானே நெடுநேரம் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வளர்ந்து முடிந்த பின்னும் எனக்கு விளங்காத ஒன்றை, வளர்ந்தபின் விளங்கும் என்று ஒரு பிள்ளைக்குச் சொன்னேனே! அந்தப் பொய் என் மனத்தை உறுத்திற்று. அவ்வுறுத்தலே அந்த ஓவியரின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது. அவ்வாறு படித்தவற்றுள் என்னை ஆட்கொண்டது அவர் வகுத்த கொள்கை அன்று. அவர் வேலை செய்த அறையே.

மரம் கோடான கதை

ஒல்லாந்தர் என்றதும் கோட்டைகளும் தோம்புகளுமே நம் நினைவுக்கு வருவன. மொண்டிரியன் அந்த ஒல்லாந்து தேசத்தவர். 1872ஆம் ஆண்டு மார்ச் 7ஆந் திகதி அமேர்ஸ்பூர்ட் என்ற ஊரிலே பிறந்தார். தந்தையார் ஒரு பாடசாலையின் தலைமை ஆசிரியர், சித்திரத்தில் நாட்டமுடையவர். தந்தையாரின் இளைய சகோதரர் ஓவியர். மொண்டிரியனும் முதலிற் சித்திர ஆசிரியருக்குரிய தகுதிச் சான்றிதழ்களையே பெற்றார். பின்னர் 1892இல் அம்ஸ்டர்டாம் கலைக்கழகத்திற் சேர்ந்தார்.

கோடும் சதுரமும் தவிர வேறொன்றும் வரையத் தெரியாதவர் என்று அவரை எண்ணுவோர், அவருடைய முதல் 20 ஆண்டுப் படங்களைக் காணல் வேண்டும். காற்றாலைகள், ஆற்றங்கரைகள், மாலை வெளிச்சத்தில் நிற்கும் பண்ணை வீடுகள் என, எவரும் கண்டவுடன் பாராட்டத்தக்க நிலக்காட்சிகளை அவர் நூற்றுக்கணக்கிலே தீட்டியிருக்கிறார். ஆகவே அவர் உருவத்தைக் கைவிட்டது இயலாமையால் அன்று. இயன்றதைத் துறந்ததனாலேயே ஆகும்.

அத்துறவு ஒரே நாளில் நிகழவில்லை. 1908க்கும் 1910க்கும் இடையிலே தீட்டிய ஒரு படத்தில், நீல வெளியில் ஒரு செம்மரம் தன் கிளைகளை நரம்புகள்போல் விரித்து நிற்கிறது. 1911இல் அதே மரம் சாம்பல் நிறமாகிறது. கிளைகளுக்கு இடையிலுள்ள வெளியும் கிளையைப் போலவே கனம் பெறுகிறது. 1912இல் பூத்த அப்பிள் மரம் ஒன்றைத் தீட்டினார். அதிற் பூவுமில்லை, இலையுமில்லை. வளைகோடுகள் ஒன்றையொன்று தழுவி நிற்கும் ஒரு சந்தம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. இம்மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்ப்பவர்க்கு, ஒரு மரம் கோடாகக் கரையும் காட்சி கண்முன்னே நிகழும். பின்னர் 1914, 1915ஆம் ஆண்டுகளிற் கடலையும் அலைதாங்கும் மேடையையும் வரையப் புகுந்தவர், சிறுசிறு நெடுங்கோடும் குறுக்குக்கோடும் மாத்திரமே கொண்டு கடலின் அசைவைக் காட்டினார்.

இதன் பின்னணியில் நமக்கு ஓரளவு பழக்கமான ஒரு சிந்தனை இருந்தது. 1909இல் மொண்டிரியன் பிரம்மஞான சங்கத்தில் உறுப்பினரானார். 1880இற் காலித் துறைமுகத்தில் வந்திறங்கிப் பஞ்சசீலம் ஏற்ற பிளவட்ஸ்கி அம்மையாரும் ஒல்கொட் அவர்களும் தாபித்த அதே சங்கம். 1882 முதல் சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட அதே சங்கம். கண்ணுக்குத் தெரியும் உருவங்களுக்குப் பின்னால் மாறாத ஓர் ஒழுங்கு உண்டென்றும், எதிரெதிரானவை இணங்கி நிற்பதே அவ்வொழுங்கு என்றும் அவர் நம்பினார். நிமிர்ந்த கோடும் கிடந்த கோடும் அவருக்கு அவ்விரு எதிர்நிலைகளின் வடிவங்கள். உருவம், அருவுருவம், அருவம் என்று நம் சைவ நூல்கள் கூறும் படிநிலைகள் எனக்கு இவ்விடத்தில் நினைவுக்கு வந்தன. மொண்டிரியன் சைவம் கற்றவரல்லர், ஒப்புமை என்னுடையதே. ஆயினும் கோயில் மூலத்தானத்தில் இலிங்கத்தைத் தொழும் ஒரு சமுதாயத்துக்கு, உருவமற்றதிலும் பொருளுண்டு என்று எடுத்துரைக்க நீண்ட வாதம் வேண்டியதில்லை. முற்றத்துக் கோலத்தைப் பார்த்து, “இது எதனுடைய படம்?” என்று நம்மில் எவரும் கேட்பதில்லை அல்லவா?

பாரிஸ் அறை

1912இல் மொண்டிரியன் பாரிஸ் நகரிற் குடியேறினார். தம் குடும்பப் பெயரின் எழுத்துக்களுள் ஒன்றையும் அப்போது குறைத்துக்கொண்டார். நோயுற்ற தந்தையைக் காண 1914இல் ஊர் திரும்பியவர், முதலாம் உலகப் போர் மூண்டதனால் 1919 வரை அங்கேயே தங்க நேர்ந்தது. அவ்விடைக்காலத்தில், 1917இல், தேயோ வான் டோஸ்பர்க் என்பாரோடும் பிறரோடும் கூடி ‘டி ஸ்டைல்’ என்ற சஞ்சிகையையும் இயக்கத்தையும் வளர்த்தார். சிவப்பு, நீலம், மஞ்சள் என்னும் மூன்று மூல வண்ணங்கள், வெள்ளை, கறுப்பு, சாம்பல், நேர்கோடு, செங்கோணம். இவற்றுக்கு அப்பால் ஒன்றும் வேண்டா என்பது 1920களில் அவர் வகுத்துக்கொண்ட விரதம். வான் டோஸ்பர்க் சாய்கோட்டைப் புகுத்தியபோது, மொண்டிரியன் அவ்வியக்கத்தைவிட்டே விலகினார். சதுரத் துணியைச் சாய்த்து வைத்து வைரவடிவிலே தீட்டியபோதும், உள்ளே ஓடும் கோடுகளை அவர் நிமிர்ந்தும் கிடந்தும் இருக்கவே செய்தார்.

1921 முதல் 1936 வரை அவர் வாழ்ந்தது மொன்பர்னாஸ் புகையிரத நிலையத்தை அடுத்த ரூ டு டெபார் என்னும் வீதியின் 26ஆம் இலக்கக் கட்டடத்திலே. அக்கட்டடம் இன்று இல்லை. புகையும் கரியும் படிந்த சூழல், ஒடுங்கிய படிக்கட்டு, ஆனால் கதவைத் திறந்து உள்ளே சென்றவர்கள் திகைத்து நின்றனர். ஒழுங்கற்ற ஐங்கோண வடிவுடைய அவ்வறையின் சுவர்கள் வெள்ளை. அச்சுவர்களிற் சிவப்பு, நீலம், மஞ்சள், சாம்பல் வண்ண அட்டைத் துண்டுகள் குத்திவைக்கப்பட்டிருந்தன. அவை நிலையாக அங்கே இருப்பவை அல்ல. இன்று இங்கிருந்த சிவப்பு நாளை அங்கே போகும். ஒன்று பெயர்ந்தால் மற்றொன்றும் பெயரும். மேசை, நாற்காலி, அடுப்பு எல்லாமே அந்த அமைப்பின் உறுப்புக்கள். ஓவியர் படத்துக்கு வெளியே நின்று படம் தீட்டவில்லை. படத்துக்குள்ளேயே குடியிருந்தார் என்று சொல்லலாம்.

வாசலருகே ஒரு பூச்சாடியில் ஒற்றை டியூலிப் மலர் இருந்தது. அது செயற்கை மலர். அதன் இலைக்கு அவர் வெள்ளை பூசியிருந்தார். 1926இல் அந்திரே கெர்ட்டஸ் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்த படமொன்றில், அம்மலரும் வாசலும் அதற்கப்பால் வளைந்திறங்கும் படிக்கட்டும் இன்றும் நம் கண்முன் நிற்கின்றன. பச்சை நிறத்தை அவர் தம் ஓவியத்திலிருந்து மாத்திரமன்றி வீட்டிலிருந்தும் விலக்கியிருந்தார். மரங்களை அத்துணை அன்போடு தீட்டிய கை அது என்பதை எண்ணும்போது, அந்த வெள்ளை இலை எனக்கு வேடிக்கையாகத் தோன்றவில்லை. சற்று அச்சமாகவே இருந்தது.

ஆயினும் அவர் வறண்ட துறவி அல்லர். அவ்வறையில் ஒரு கிராமபோன் இருந்தது. ஜாஸ் இசைத்தட்டுக்களை விரும்பிச் சேர்த்தார், நடனம் பயின்றார், 1927இல் ஜாஸ் இசையையும் தம் ஓவியக் கொள்கையையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரையும் எழுதினார். அவர் திருமணஞ் செய்துகொள்ளவில்லை. இருந்த செல்வம் அவ்வறை ஒன்றே.

ஒரு கோடு நிலைபெறும் வரை

இனி, அந்த அறையில் ஒரு படம் எவ்வாறு உருவாயிற்று என்பதைப் பார்ப்போம். எங்கட தம்பியும் கீறுவானே என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

மொண்டிரியன் பெரும்பாலும் துணியைத் தாங்கியில் நிறுத்தித் தீட்டுவதில்லை. மேசைமீது படுக்க வைத்தே தீட்டுவார். தாங்கி, தீட்டியதை நிறுத்திப் பார்ப்பதற்கு. முதலிற் கரித்துண்டினாற் கோடு இடுவார், பார்ப்பார், அழிப்பார், சிறிதே தள்ளி மறுபடியும் இடுவார். அளவுகோலும் கணிதமும் கொண்டு இடத்தைத் தீர்மானித்தவர் அவர் என்று பலர் எண்ணுவதுண்டு. உண்மை அதுவன்று. கோட்டின் இடத்தைத் தீர்மானித்தது கண் ஒன்றே. அதனாலேதான் அவ்வேலை அத்துணை காலம் எடுத்தது. கணக்காக இருந்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும்.

கோடு நின்றபின்னும் வேலை முடிவதில்லை. நூலில் அச்சான படத்தில் வெள்ளை என்பது வெறுங் காகிதம்போலத் தெரியும். மூலப் படத்தில் அது அவ்வாறன்று. வெள்ளைமேல் வெள்ளையாகப் பல படைகள் பூசப்பட்டிருக்கும். ஒரு கட்டத்திலே தூரிகை நெடுக்காக ஓடியிருக்கும். அடுத்த கட்டத்திலே குறுக்காக ஓடியிருக்கும். கறுப்புக் கோட்டுக்கு ஒரு மினுக்கம், வெள்ளைக்கு மினுக்கமில்லை. ஒரு கோடு ஓரம்வரை செல்லும். மற்றொன்று ஓரத்துக்குச் சற்று முன்னே நின்றுவிடும். ஒரு கோடு தடித்தது. அதற்குச் செங்கோணமாக வருவது மெலிந்தது. முடிந்த படத்தைச் சட்டத்துக்குள் ஆழ்த்தி வைக்காமல், வெள்ளைச் சட்டத்தின் முன்புறமாகத் துருத்தி நிற்கும்படி அமைத்தார். படம் சாளரமாகத் தோன்றாமல், சுவரோடு சேர்ந்த ஒரு பொருளாகத் தோன்ற வேண்டும் என்பது அவர் கருத்து.

1930இல் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் அவ்வறைக்கு வந்தார். சுவரிலுள்ள வண்ண அட்டைகளை அசையும்படி செய்தால் நன்றாயிருக்குமே என்றார் அவர். அது தேவையில்லை, தம் ஓவியம் ஏற்கெனவே மிக விரைவாக இயங்குகிறது என்னும் பொருள்பட மொண்டிரியன் மறுமொழி கூறினாராம். இதைக் கால்டரே பின்னாளிற் பதிந்திருக்கிறார். அசையும் சிற்பங்களைப் படைத்துக் கால்டர் உலகப்புகழ் பெற்றார். அவருக்கு அருவக் கலையின்பால் அதிர்ச்சியோடு கண் திறந்தது அந்த அறையிலேதான். மொண்டிரியனின் மறுமொழியை நான் முதலிற் படித்தபோது அதைக் கிழவரின் பிடிவாதம் என்று எண்ணினேன். பின்னர் அந்த 1930ஆம் ஆண்டுப் படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். பெரிய சிவப்பு மேலிருந்து அழுத்துகிறது; எதிர் மூலையில் சிறிய நீலம் தாங்குகிறது; மூலையிலுள்ள மஞ்சள் நழுவிப் போகப் பார்க்கிறது; கறுப்புக் கோடு அதைப் பிடித்து நிறுத்துகிறது. நிறைகோலின் தட்டுக்கள் சமன்படும் தறுவாயில் நடுங்குமே, அந்த நடுக்கத்தை அங்கே கண்டேன்.

பூவை விற்றுக் கோட்டை வளர்த்தவர்

இக்கலைக்கு அக்காலத்தில் வாங்குவோர் மிகச் சிலரே. 1920களில் வயிற்றுப்பாட்டுக்காக மொண்டிரியன் நீர்வண்ணத்திற் பூப்படங்கள் தீட்டி விற்றார். ரோசாவும் செவ்வந்தியும் தீட்டி வந்த காசிலே, பூவே இல்லாத படங்களை வளர்த்தார். இதைவிடக் கசப்பான வேடிக்கை வேறுண்டோ? பூப்படங்களை மாத்திரம் தீட்டியிருந்தால் வசதியாக வாழ்ந்திருப்பார். அவற்றை அறவே விட்டிருந்தாற் பட்டினி கிடந்திருப்பார். இரண்டையும் செய்தார், எது பிழைப்பு, எது வாழ்வு என்பதை மட்டும் அவர் ஒருபோதும் குழப்பிக்கொள்ளவில்லை.

அரசியலும் அவரை விடவில்லை. நாசிகள் 1937இல் மியூனிக் நகரில் ‘இழிந்த கலை’ என்று பெயரிட்டு நடத்திய கண்காட்சியில் அவருடைய படங்களும் ஏளனத்துக்காக வைக்கப்பட்டன. கோடும் சதுரமும் ஓர் அரசை எவ்வாறு அச்சுறுத்தும் என்று நாம் வியக்கலாம். தன்னைப் புகழாத, எவரையும் போற்றாத, எவருடைய ஆணைக்கும் உருக்கொடுக்காத ஒரு கலையை அத்தகைய அரசு எங்ஙனம் பொறுக்கும்? போர் நெருங்குவதை உணர்ந்த மொண்டிரியன் 1938 செப்டெம்பரில் லண்டன் சென்றார். நண்பர்களான பென் நிக்கல்சன், பார்பரா ஹெப்வேர்த் முதலியோர் அருகிருக்க, ஹாம்ஸ்டெட் பகுதியில் ஓர் அறையெடுத்து அதற்கும் வெள்ளை பூசினார். 1940இல் அங்கும் குண்டுகள் விழுந்தன. அவ்வாண்டு ஒக்டோபரில் கப்பலேறி நியூயோர்க் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 68. முடியாத படங்கள் பல அவரைப் பின்தொடர்ந்து வந்தன. அவற்றை அங்கே மறுபடியும் திருத்தினார். அதனாலே சில படங்களுக்கு இரண்டு ஆண்டுகள் குறிக்கப்பட்டுள்ளன: 1938-43, 1939-43. ஒரு கோட்டைப் பற்றிய ஐயம் ஐந்தாண்டு காத்திருந்து கடல் கடந்திருக்கிறது!

விரதத்தை மீறிய முதுமை

அந்த வயதில் மனிதர் தம் பழைய வெற்றியை மீண்டும் மீண்டும் சொல்லிக்கொண்டிருப்பது இயல்பு. மொண்டிரியன் செய்தது வேறு. நியூயோர்க்கிற் பூகி-வூகி என்ற பியானோ இசை அவரை மயக்கிற்று. பழப்பெட்டிப் பலகைகளை வெள்ளை பூசித் தளபாடமாக்கிய அந்தச் சிறிய குடியிருப்பிலே, தம் வாழ்நாள் முழுவதும் கட்டிக்காத்த கறுப்புக் கோட்டையே அவர் கைவிட்டார். வண்ணப் பசைநாடாக்கள் அப்போது கடையிற் கிடைத்தன. நாடாவை ஒட்டலாம், உரிக்கலாம், நகர்த்தலாம். கரியை அழித்து அழித்து எழுத வேண்டியதில்லை. கோடுகள் மஞ்சளாயின, பின்னர் சிறுசிறு சதுரங்களாக உடைந்து துள்ளின. 1942-43இல் தீட்டிய ‘புரோட்வே பூகி-வூகி’ இன்று நியூயோர்க் நவீன கலைக் காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்த படம் ‘விக்டரி பூகி-வூகி’. போர் முடிந்து வெற்றி வரும் என்ற நம்பிக்கையிற் பெயர் பெற்றது. 1944 சனவரியில் அது ஏறத்தாழ முடிந்த நிலையில் இருந்தது. அந்நிலையில் அவர் மறுபடியும் அதன்மேல் நாடாத் துண்டுகளையும் காகிதத் துண்டுகளையும் ஒட்டி, அமைப்பைக் கலைத்து மாற்றத் தொடங்கினார். நிமோனியாக் காய்ச்சல் கண்டது. 1944 பெப்ரவரி 1ஆந் திகதி இறந்தார். படம் முடியவில்லை. ஒட்டிய துண்டுகள் ஒட்டியபடியே நிற்க, அது தாங்கியிலே நின்றது. அவருடைய இளம் நண்பர் ஹரி ஹோல்ட்ஸ்மன், அந்த அறையைச் சில வாரம் அப்படியே வைத்திருந்து பிறர் காண வழிசெய்தார். 1998இல் அந்த முடியாத படத்தை ஒல்லாந்து நாடு 80 மில்லியன் கில்டர் கொடுத்து வாங்கியது. இன்று அது ஹேக் நகரக் காட்சியகத்தில் இருக்கிறது. பூப்படம் விற்றுப் பிழைத்தவரின் படம்!

தலைகீழான படமும் மாணவனின் கோடும்

இவ்வளவும் சொன்னபின் ஒரு செய்தியை மறைப்பது நேர்மையன்று. அவர் 1941இல் நாடாக்களால் அமைத்த ‘நியூயோர்க் சிற்றி 1’ என்ற படைப்பு, ஜெர்மனியின் டூசல்டோர்ப் நகரக் காட்சியகத்தில் இருக்கிறது. அது பல்லாண்டுகளாகத் தலைகீழாகவே தொங்குகிறது என்று 2022இல் அங்குள்ள அறிஞர்கள் தெரிவித்தனர். 1944இல் ஓவியரின் அறையில் எடுத்த ஒரு புகைப்படத்தில் அது மறுபுறமாகத் தாங்கியில் நிற்கிறது. நாடாக்கள் உதிர்ந்துவிடும் என்ற அச்சத்தால் அதனைத் திருப்பி மாட்டாமலே விட்டுவிட்டனர். “பார்த்தீர்களா, தலையும் காலும் தெரியாத கலை!” என்று ஒரு நண்பர் என்னைக் கேலி செய்தார். எனக்கும் சற்று வெட்கமாகவே இருந்தது. ஆனால் எண்ணிப் பார்க்கும்போது, அதிலே பிழைத்தது படமன்று, பார்த்தவர்களின் கண்ணே என்று தோன்றுகிறது. வரைந்தவருக்கு மேல் எது, கீழ் எது என்பது தெரிந்திருந்தது. நாம்தாம் அவரைப்போல நின்று பார்க்கவில்லை.

அந்த எண்ணத்தினால் ஒருநாள், சித்திர ஆசிரியரின் அனுமதியோடு அதே வகுப்பிற் சென்று, ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளைத்தாள், இரண்டு கறுப்புக் காகிதப் பட்டிகள், ஒரு சிவப்புச் சதுரம் ஆகியவற்றைக் கொடுத்தேன். “இவற்றை எங்கே வைத்தால் இனி நகர்த்த வேண்டாம் என்று தோன்றுகிறதோ, அங்கே ஒட்டுங்கள்” என்றேன். ஐந்து நிமிடத்திற் பாதிப் பிள்ளைகள் ஒட்டிவிட்டனர். பிறகு அடுத்தவர் தாளைப் பார்த்தனர். தம்முடையதை உரிக்க முயன்றனர். என்னிடம் கேள்வி கேட்ட மாணவன் ஒட்டவே இல்லை. பட்டியை இப்புறம் தள்ளினான், அப்புறம் தள்ளினான், எழுந்து நின்று பார்த்தான். மணி அடித்தது.

“என்ன தம்பி, இன்னும் ஒட்டவில்லையோ?” என்றேன்.

“இடம் சரிவரேல்லை, சேர்” என்றான்.

நூலகத்திற் சொன்ன பொய்க்கு அன்று நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதை மறந்தே போயிருந்தான். மேசைமீது கிடந்த பட்டியிலேயே அவன் கண் இருந்தது.